மனப்பாடமாகத் தெரிந்த வகைக்கெழு மகனுக்குப் புரிய வரைபட மென்பொருள் உதவுமா?

பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகன் வகைக்கெழுச் சூத்திரங்களைக் கடகடவென்று ஒப்பிக்கிறான், ஆனால் வகைக்கெழு என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கிறான், வரைபட மென்பொருள் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் உதவும். வகைக்கெழு என்பது வளைவரை ஒரு புள்ளியில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதன் அளவுதான். மேல்நிலை மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித்தரும் நான் நுண்கணிதத்தை அதில்தான் தொடங்குகிறேன்.

நான் பயன்படுத்துவது ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-ல் உருவாக்கத் தொடங்கியது. மாணவர்களுக்கு இலவசம், கைபேசியிலும் இயங்கும். நம் மாநிலப் பாடநூலில் வரும் இணையச் செயல்பாடுகளும் இதில் அமைந்தவையே. தேர்வுக்கு வராது என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

எக்ஸின் வர்க்கத்தை வரையுங்கள். எக்ஸ் 1 ஆகும் இடத்தில் வளைவரைமீது ஒரு புள்ளி, அங்கிருந்து கிடையாக ‘ஹெச்’ தூரம் தள்ளி இன்னொரு புள்ளி. இரண்டின் வழியாகவும் ஒரு கோடு. ஹெச்சை, இழுத்தால் மதிப்பு மாறும் ஸ்லைடராக வைத்து, அதன் படியை 0.01 ஆக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 0.1-லிருந்து நேரே பூச்சியத்துக்குத் தாவிவிடும். ஹெச் 1 என்றால் சாய்வு 3. 0.5 என்றால் 2.5. அடுத்து 0.1-க்கு என்ன வரும் என்று அவன் தாளில் எழுதிய பிறகே ஸ்லைடரைத் தொட விடுங்கள். கணிக்காமல் இழுத்தால் அது வெறும் வேடிக்கையாகப் போய்விடும். 2.1, 2.01 என்று இறங்கிவரும்.

பிறகு ஹெச்சைப் பூச்சியத்துக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். கோடு மறைந்துவிடும். சாய்வு இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். என்னிடம் படித்த ஒரு மாணவி, “கோடு எங்கே சார் போனது?” என்று கேட்டாள். பின்னுக்கு இழுத்தாள், கோடு வந்தது; முன்னுக்குத் தள்ளினாள், போனது. நான்கைந்து முறை அப்படிச் செய்தவள், “இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிட்டால் எந்தக் கோட்டைத்தான் வரைவது?” என்று தானே சொன்னாள். அங்கே சாய்வு 0/0. ஆனாலும் இரு பக்கமிருந்தும் அது நெருங்குவது 2-ஐத்தான். அந்த 2-தான் அங்கே வகைக்கெழு. இப்படி நெருங்கிச் செல்லும் மதிப்பான ‘எல்லை’ எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை அன்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. 2-இன் அடுக்கு எக்ஸ் என்ற வளைவரைக்குப் பூச்சியத்தில் சாய்வு சுமார் 0.693, 3-இன் அடுக்குக்குச் சுமார் 1.099. 2, 3 என்று நிற்கும் அந்த அடிமானத்தை ஸ்லைடராக்கி, சாய்வு 1 ஆகும் இடத்தைத் தேடச் சொல்லுங்கள். 2.718-க்குப் பக்கத்தில் வந்து நிற்பான். புத்தகத்தில் காரணம் சொல்லாமல் வந்து உட்கார்ந்த ‘e’ என்ற அந்த எண்ணை அவனே கண்டுபிடித்திருப்பான்.

படத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எக்ஸின் தலைகீழிக்குச் சைன் எடுத்து வரைந்தால், பூச்சியத்துக்கு அருகே திரையில் மை அப்பியதுபோல் இருக்கும். சில புள்ளிகளில் மட்டும் மதிப்பைக் கணக்கிட்டு இணைப்பதுதான் மென்பொருளின் வேலை. அங்கே அலைவுகளோ முடிவில்லாதவை.

கடைசியாக, எண்ணின் குறியை விட்டு அளவை மட்டும் தரும் மட்டுச் சார்பைக் கொடுத்து, முதல் புள்ளியைப் பூச்சியத்தில் வையுங்கள். ஹெச் மிகையாக இருக்கும்வரை சாய்வு 1, குறையானதும் -1, நடுவில் ஒன்றுமே இல்லை. அங்கே ஏன் வகைக்கெழு கிடையாது என்பதை அன்று அவன் உங்களுக்குச் சொல்லட்டும்.