பழைய கமரா லென்ஸ்: வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் கேட்டவை

கேள்வி: முகநூலில் “1860ஆம் ஆண்டு உருவப்பட லென்ஸ்” என்று விளம்பரம் செய்தவருக்கு 60,000 ரூபா அனுப்பினேன். வந்த பித்தளைக் குழாயில் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை, துவாரத் தகடு செருகும் வெட்டும் இல்லை. இப்போது அவர் பதில் தருவதில்லை. (கிண்ணியா)

பதில்: உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் மாய விளக்கு எனப்பட்ட பழைய படவீச்சுக் கருவியின் லென்ஸ். 1840இல் கணித வல்லுநர் ஜோசப் பெட்ஸ்வால் கணித்துக் கொடுத்த உருவப்பட லென்ஸின் அமைப்பையே பிற்காலத்தில் படவீச்சுக்கும் பயன்படுத்தினார்கள் என்பதால், இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். விலை மட்டும் ஒன்றல்ல. துளையிட்ட தகட்டைச் செருகி உள்ளே வரும் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் முறை 1858இல்தான் வந்தது, ஆகவே வெட்டு இல்லை என்பதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஆனால் பெயரும் தொடரிலக்கமும் இல்லாத ஒரு குழாய்க்கு ஆண்டு குறித்து விற்றவர் அந்த ஆண்டை எங்கிருந்து எடுத்தார் என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

தவறு உங்களுடையதல்ல. விளம்பரத்தையும் உரையாடலையும் பணம் அனுப்பிய சீட்டையும் இன்றே படமெடுத்து வையுங்கள், நாளைக்கு அவை அங்கே இல்லாமற் போகலாம். அவர் வியாபாரியாக இருந்தால் 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை அழைத்து, எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். கொழும்பில் ஒரு கடையில் மேசை விளக்கின் கீழ் பார்த்து நான் வாங்கிய லென்ஸை, வீட்டில் ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது பின்கண்ணாடியின் உட்புறத்தில் வேர்விட்டதுபோல வெள்ளைப் பூஞ்சணம் ஓடியிருந்தது. பற்றுச்சீட்டு வாங்காமல் வந்த காரணத்தால், திரும்பிப் போனபோது என்னைக் கண்டதே இல்லை என்றார் கடைக்காரர். உங்களிடம் பணம் அனுப்பிய சான்றாவது இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கண்ணாடியைப் பார்க்க விடமாட்டேன், முதலில் முற்பணம் தா என்கிறார். வாங்கலாமா? (மூதூர்)

பதில்: வாங்க வேண்டாம்.

கேள்வி: அப்பப்பாவின் ஸ்ரூடியோவில் இருந்த லென்ஸ் பெட்டகத்தில் கிடைத்தது. போக்ட்லெண்டர் என்று பொறித்திருக்கிறது, பக்கத்தில் ஒரு வெட்டு உண்டு. அலங்காரப் பொருளாக 15,000 தருவதாக ஒருவர் சொல்கிறார். (உவர்மலை)

பதில்: கொடுத்துவிடாதீர்கள். பெட்ஸ்வாலின் லென்ஸை முதலில் செய்து விற்றது வியன்னாவில் இருந்த அந்த நிறுவனம்தான். 1849இல் அது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் தொழிற்கூடம் அமைத்தது. ஆகவே பெயருக்குக் கீழே எந்த ஊர் பொறிக்கப்பட்டிருக்கிறது, தொடரிலக்கம் என்ன என்பவற்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் அறையை இருட்டாக்கி, ஒரேயொரு யன்னலைத் திறந்து, தூரத்தில் தெரியும் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ லென்ஸினூடாக வெள்ளைத்தாளில் தெளிவாக விழுத்துங்கள். வெட்டிலிருந்து தாள்வரையுள்ள தூரம் ஏறத்தாழக் குவியத்தூரமாகும். அதை முன்கண்ணாடியின் விட்டத்தால் வகுத்து நான்குக்குக் கிட்ட வந்தால், அது வேகமான உருவப்பட லென்ஸ் என்று நம்பலாம். கமராப் பலகையில் பொருத்தும் மரைவளையம் கூட இருக்கிறதா என்றும் தேடுங்கள். அந்தக் கால மரைகள் இன்றைய அளவுகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை, லேத் பட்டறையில் தனியாகக் கடைந்து எடுக்க நிறையச் செலவாகும். வளையத்தோடு இருக்கும் லென்ஸுக்கு விலை கூட. அலங்காரத்துக்கென்று கேட்பவர் பித்தளையின் நிறைக்குத்தான் விலை சொல்கிறார்.

கேள்வி: என் லென்ஸின் பித்தளை கறுத்துவிட்டது, கண்ணாடியில் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் தெரிகிறது. திருகோணமலையில் எங்கே மினுக்கலாம்? (நிலாவெளி)

பதில்: எங்கேயும் மினுக்க வேண்டாம். பித்தளையின் மேலிருப்பது அரக்குப் பூச்சு. குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு மினுக்குவதுபோல இதையும் தேய்த்தால் பூச்சு போய்விடும், பொறித்த எழுத்தில் நிரப்பிய கறுப்பு மெழுகும் உதிரும், புளித்தண்ணீர் மரைக்குள் ஊறிக் கண்ணாடியின் விளிம்புவரை போகும். கண்ணாடியைத் தேய்ப்பது அதிலும் கொடுமை. நீங்கள் அழுக்கு என்று நினைக்கும் அந்த நீலப் படலம் காலத்தால் கண்ணாடியின் மேற்பரப்பில் உண்டானது. அது ஒளி தெறிப்பதைக் குறைத்து, கூடுதலான ஒளியை உள்ளே விடுகிறது. டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேய லென்ஸ் வல்லுநர் 1890களிலேயே இதைக் கவனித்தார். அத்தகைய படலத்தைச் செயற்கையாகப் பூசும் முறை 1935இல் ஜெர்மனியில் வந்தது, இன்றைய லென்ஸ்களின் நிறப்பூச்சும் அந்த வேலையையே செய்கிறது. அதாவது காலம் இலவசமாகக் கொடுத்ததைக் காசு கொடுத்துச் சுரண்டச் சொல்லிக் கேட்கிறீர்கள்.

நான் என் முதல் லென்ஸை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுத்துத் துப்புரவாக்கினேன். பளபளவென்று திரும்பி வந்தது. வெயிலை நோக்கிப் பிடித்தால் சிலந்திவலைபோல நுண்கீறல்கள் தெரிகின்றன, அதில் எடுத்த எந்தப் படத்திலும் கறுப்பு சாம்பலாகவே விழுகிறது. அந்த இழப்பு இன்றுவரை என் மனதை அரிக்கிறது. நமது ஊரில் உண்மையில் அஞ்ச வேண்டியது கடற்காற்றையும், வாடைக்காற்று மாதங்களின் ஈரத்தையும்தான். ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் தோல் பெட்டியை விட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தூசியை மென்தூரிகையால் தட்டினால் போதும்.

கேள்வி: மலிவாகக் கிடைத்த 150 மி.மீ. குவியத்தூர டெசார் வகை லென்ஸை என் 8க்கு 10 அங்குலக் கமராவில் பொருத்தினேன். நான்கு மூலையும் இருட்டு. லென்ஸ் பழுதா? (உப்புவெளி)

பதில்: லென்ஸில் பழுது எதுவும் இல்லை; வாங்கும் முன் நீங்கள் அளக்கவில்லை. உங்கள் படத்தாளின் (பிலிமின்) மூலைவிட்டம் ஏறத்தாழ 325 மி.மீ., அந்த லென்ஸ் எறியும் ஒளிவட்டம் அதன் பாதியளவுதான். 4க்கு 5 கமராவுக்கு உரியது அது. வாங்குவதற்கு முன் ஓர் அடிமட்டத்தை எடுத்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: 300 மி.மீ. பித்தளை லென்ஸ் வாங்கினேன், ஷட்டர் இல்லை. புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா? (தம்பலகாமம்)

பதில்: காசைச் செலவழிக்காதீர்கள், லென்ஸ் மூடியே போதும். படத்தாளுக்குப் பதிலாகக் கறுப்பு வெள்ளை அச்சுத்தாளைப் போடுங்கள். அதன் ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. அளவீட்டில் 6 அளவில்தான் இருக்கும். கறுப்பு மட்டையில் 6.7 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை வெட்டி, தகடு செருகும் வெட்டில் நுழையுங்கள். அது எஃப் 45 ஆகும், அதாவது துளையின் விட்டம் குவியத்தூரத்தில் 45இல் ஒரு பங்கு. வெட்டு இல்லாவிட்டால் முன்கண்ணாடிக்கு முன்னால் பொருத்தலாம். நல்ல உச்சி வெயிலில் மூடியைக் கழற்றி ஒன்றேகால் செக்கன் அளவில் திரும்ப மூடினால் படம் விழும். அச்சுத்தாள் நீல ஒளியையே அதிகம் உணர்வதால், மாலை மஞ்சள் வெயிலில் இதைவிட நன்றாகக் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டும். மூடியை எடுக்கும்போது கமரா அசையாதபடி முதலில் சற்றுத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.