டி ஆன்ஸாவா, ரிவர்சைடா?

கேள்வி: அக்கா, நாங்க கலிஃபோர்னியா ஃப்ரீமாண்ட்ல இருக்கோம். பையன் இந்த ஜூன்ல ஹைஸ்கூல் முடிக்கிறான். யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) ரிவர்சைட்ல பயாலஜிக்கு இடம் கிடைச்சிருக்கு, அவன் ஆசைப்பட்ட யூசி டேவிஸ்ல இல்லன்னுட்டாங்க. டி ஆன்ஸாங்கற ரெண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சுட்டு டேவிஸுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆயிக்கிறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். இவரோ "கம்யூனிட்டி காலேஜா, ஊர்ல அண்ணன் கேட்டா என்னன்னு சொல்றது"ன்னு மூணு நாளா முகம் குடுத்துப் பேசல. நான் யார் பக்கம் நிக்கிறது?
- ஒரு வாசகி

பதில்: மொதல்ல உங்க வீட்டுக்காரர் விஷயத்த முடிச்சிடலாம். நம்ம ஊர்ல பாலிடெக்னிக்ல டிப்ளமா முடிச்சுட்டு லேட்டரல் என்ட்ரில நேரா பி.இ. ரெண்டாம் வருஷம் சேர்றாங்கள்ல, கிட்டத்தட்ட அதே கதைதான், என்ன, இங்க மூணாம் வருஷத்துல போய் சேருவான். கடைசியில கைக்கு வர்ற டிகிரியில டேவிஸ்னுதான் இருக்கும், நடுவுல வந்தவன்னு அதுல போட மாட்டாங்க. அண்ணன் கேட்டா இதையே சொல்லச் சொல்லுங்க.

காசுன்னு பாத்தா போட்டியே இல்ல. டி ஆன்ஸால கலிஃபோர்னியா பசங்களுக்கு ஒரு யூனிட் (பாடத்தோட கிரெடிட் அளவு) 31 டாலர், வருஷத்துக்கு 45 யூனிட் எடுத்தாலும் 1,395 தான் ஆகுது, மேல சில்லறை ஃபீஸ், புக்ஸ், பார்க்கிங். ரிவர்சைட்ல ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேத்தா உதவித்தொகை இல்லாம வருஷத்துக்கு நாப்பதாயிரத்த தாண்டிடும். இத மட்டும் வச்சு முடிவெடுக்கறதா இருந்தா இந்த பதில இங்கயே முடிச்சிருப்பேன்.

ஆனா பையன் காசுக்காகப் போகல, டேவிஸுக்காகப் போறான், அங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். டேக் (TAG)னு ஒண்ணு இருக்கு, கம்யூனிட்டி காலேஜ் பசங்க கண்டிஷன் எல்லாம் சரியா முடிச்சா இடம் உறுதின்னு யூசியே எழுதிக் குடுக்கும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ மூணும் இதுல இல்ல, டேவிஸ் உட்பட ஆறு கேம்பஸ் இருக்கு, ஆனா ஒரு கேம்பஸுக்குத்தான் போடலாம். எந்த மேஜருக்கு (டிகிரியோட முக்கியப் பாடம்) உண்டு எதுக்கு இல்லன்னு வருஷா வருஷம் மாத்துவாங்க, அதனால பயாலஜின்னு பொதுவா பாக்காம அவன் எடுக்கப்போற மேஜர் பேரையே வச்சு அந்த வருஷ லிஸ்ட்ல தேடுங்க. இத போடுற மாசம் செப்டம்பர், அதாவது ரெண்டாம் வருஷ கிளாஸ் ஆரம்பிக்கிற நேரம், அப்ப அவன் கையில இருக்கிறது மொதல் வருஷ மார்க் மட்டும்தான். சும்மா ஒரு வருஷம் பழகிக்கலாம்னு போனா அங்கயே போச்சு.

என் வீட்லயே பட்டிருக்கேன், காலேஜ் பேர் வேண்டாம். என் பொண்ணு மூணு பாகமா வர்ற கெமிஸ்ட்ரியில ரெண்ட ஒரு காலேஜ்ல முடிச்சா, மூணாவதுக்கு சீட்டு கிடைக்கல, புதுப் பசங்களுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் தேதியே கடைசியிலதான் வரும், லாகின் பண்றதுக்குள்ள வெயிட்லிஸ்ட் முப்பது பேர். சரி பக்கத்து காலேஜ்ல எடுத்துக்கோ பரவால்லன்னு ஒரு கவுன்சிலர் சொன்னதக் கேட்டு எடுத்தா, மூணும் ஒரே எடத்துல முடிச்சாத்தான் கணக்குன்னு அப்புறம் தெரிஞ்சுது. ஒரு சம்மர் முழுக்க போச்சு, அழுதுகிட்டே படிச்சா. அசிஸ்ட்னு ஒரு வெப்சைட் இருக்கு, டி ஆன்ஸாவோட எந்த கிளாஸ் டேவிஸோட எந்த கிளாஸுக்கு சமம்னு வரிவரியா போட்டிருக்கும், அத அன்னிக்கே நாங்க ஒழுங்கா படிச்சிருந்தா தப்பிச்சிருப்போம்.

அதனால நீங்க ஒண்ணு பண்ணுங்க. இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டப்புறம் அவன லேப்டாப்போட கூப்பிட்டு உக்கார வச்சு அசிஸ்ட்ல அவன் மேஜர் பக்கத்த தெறந்து காட்டச் சொல்லுங்க. கெமிஸ்ட்ரி, பயாலஜி, கால்குலஸ் எதெது எந்த குவார்ட்டர்ல, அதாவது எந்த மூணு மாச டெர்ம்லன்னு ஏற்கனவே ஒரு பேப்பர்ல கிறுக்கி வச்சிருந்தா அவன் பக்கம் நில்லுங்க, நானும் நிக்கிறேன். "என் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் அங்கதான் போறாங்க"ன்னு ஆரம்பிச்சான்னா மே 1க்குள்ள ரிவர்சைட்ல இடத்த உறுதி பண்ணிடுங்க. அப்படியும் ஆசை போகலன்னா சம்மர்ல டி ஆன்ஸால ஒரு கிளாஸ் எடுக்கட்டும், ஹைஸ்கூல் முடிச்ச சம்மர்ல எடுக்கிறதால ரிவர்சைட்ல அவன் ஃப்ரெஷ்மேன், அதாவது மொதல் வருஷப் பையன்ங்கறது மாறாது.

ரிவர்சைட் போயிட்டு அங்கேர்ந்து டேவிஸ் மாறிக்கலாம்னு யாராவது ஐடியா குடுப்பாங்க, குடுத்துட்டுப் போகட்டும். மாற முடியாதுன்னு இல்ல, ஆனா ட்ரான்ஸ்ஃபர் சீட்டுல யூசி முன்னுரிமை குடுக்கறது கம்யூனிட்டி காலேஜ் பசங்களுக்குத்தான். அதே மாதிரி டி ஆன்ஸா போய் ஜெயிச்சாலும் டேவிஸ்ல அவனுக்கு ரெண்டே வருஷம்தான் கிடைக்கும். மத்தவங்க ரெண்டு வருஷமா புரொஃபசர் லேப்ல உக்காந்திருப்பாங்க, இவன் அப்பத்தான் கட்டடம் எங்கன்னு தேடிகிட்டு இருப்பான். இதையும் அவன்கிட்ட சொல்லிடுங்க.

அப்புறம் உங்களுக்கு மட்டும் ஒண்ணு. அவன் டி ஆன்ஸா போனா வீட்லதான் இருப்பான், "இருக்கான்ல"ன்னு தங்கச்சிய பரதம் கிளாஸ்ல விடறது, சன்னிவேல் போய் கருவேப்பில வாங்கறது, ஏர்போர்ட்ல மாமாவ கூட்டிட்டு வர்றது எல்லாம் மெதுவா அவன் தலையில வந்து விழும். எங்க வீட்ல மிட்டெர்முக்கு முந்தின நாள் ராத்திரி எங்க பொண்ணுதான் எங்கள ஒரு சீமந்தத்துக்கு கார் ஓட்டிட்டுப் போனா. பின் சீட்ல கெமிஸ்ட்ரி புக் கெடந்துச்சு, நான் பாத்தும் ஒண்ணும் கேக்கல.