நெல் இலை நோய் ஆய்வு கணினித் துறையா, வேளாண்மையா?

கேள்வி: நெல் இலையின் படத்தை வைத்துக் குலை நோயைக் கண்டுபிடிக்கும் கணினி மாடல் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். துறை என்று ஒன்றை மட்டும்தான் நிரப்பச் சொல்கிறார்கள். இதைக் கணினி அறிவியலில் சேர்ப்பதா, வேளாண்மையிலா? இந்தத் துறைப் பட்டியல்களை எல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

முதலில் நேரடியான பதில். உங்கள் ஆய்வில் புதிது எது என்று பாருங்கள். மாடலின் அமைப்பிலேயே புதிதாக ஒன்றைச் செய்து, அதைச் சோதித்துப் பார்க்க நெல் இலைப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தால் அது கணினி அறிவியல். ஏற்கெனவே இருக்கும் மாடலைப் பயன்படுத்தி, தொடக்கத்தில் ஒன்றுபோலவே தெரியும் குலை நோயையும் செம்புள்ளி நோயையும் வயலில் பிரித்தறிவது பற்றிப் புதிதாக ஏதாவது சொல்கிறீர்கள் என்றால் அது வேளாண்மை, அதிலும் பயிர் நோயியல். இன்னும் குழப்பமாக இருந்தால் உங்கள் மேற்கோள் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். எந்தத் துறைக்காரர்களோடு நீங்கள் வாதம் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடு வருவார்கள். நீங்கள் முன்னாலேயே கேட்டது நல்லது, ஏனென்றால் இந்த ஒற்றைப் பெட்டி பின்னால் பல இடங்களில் உங்கள் கூடவே வரும்.

யார் முடிவு செய்கிறார்கள் என்றால், எல்லோருக்கும் பொதுவான ஒரே பட்டியல் கிடையாது. அவரவர் வேலைக்கு அவரவர் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். நூலகத்துக்கு வேண்டியது அலமாரியில் ஓர் இடம். அரசாங்கத்துக்கு வேண்டியது எந்தத் துறைக்கு எவ்வளவு பணம் போனது என்ற கணக்கு. தரவரிசை போடுபவர்களுக்கு ஒப்பிட ஓர் அளவுகோல். ஒரு வேலைக்காகச் செய்த பட்டியலை இன்னொரு வேலைக்கு எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகங்களைத் தலைப்பு வாரியாக அடுக்க எண் கொடுக்கும், 1876இல் வெளிவந்த டியூயி தசமப் பகுப்பில் கணினிப் பார்வை 006.37, நெல் 633.18. உங்கள் ஆய்வேடு புத்தகமானால் இரண்டில் ஓர் அலமாரியில்தான் நிற்க முடியும், ஒரு பிரதி இரண்டு இடத்தில் இருக்க முடியாதல்லவா? துறை என்றால் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு இந்த அலமாரிக்குப் பெரிய பங்கு உண்டு. பட்டியலைச் செய்தவர் எங்கிருந்து உலகத்தைப் பார்த்தார் என்பதும் அதில் பதிந்திருக்கும். அதே டியூயி முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முழுவதும் உண்டு. சங்கப் பாடல் முதல் இன்றைய நாவல் வரை தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811 என்ற எண்ணுக்குள் அடங்க வேண்டும். ஈராயிரம் ஆண்டு இலக்கியத்துக்குப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்! தமிழ்ப் புத்தகங்களுக்கு எண் போடும் ஒவ்வொரு முறையும் இது எனக்கு உறுத்தும்.

இந்த ஒற்றை இடச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர் நம் ஊர்க்காரர், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனபோது அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொம்மை வரும். அறிவுக்கும் இப்படிச் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. எல்லாத் தலைப்புகளையும் முன்கூட்டியே பட்டியல் போடாமல், தலைப்பைக் கூறுகளாகப் பிரித்துக்கொண்டு தேவைக்கேற்பச் சேர்ப்பது. அதுதான் 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

நூலகவியல் படிக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் உதாரணம் ஒன்று உண்டு: 1950இல் இந்தியாவில் நடந்த, நுரையீரல் காசநோயை எக்ஸ்-கதிர் கொண்டு குணப்படுத்துவது பற்றிய ஆராய்ச்சி. அதன் எண்: எல்,45;421:6;253:எஃப்.44'என்5. எல் என்பது மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை, 253 எக்ஸ்-கதிர், எஃப் ஆராய்ச்சி, 44 இந்தியா, என்5 என்பது 1950. இடையில் வரும் குறிகளுக்கும் வேலை உண்டு. காற்புள்ளி வந்தால் அடுத்து வருவது ஆளுமை (தலைப்பின் மையம்), அரைப்புள்ளி வந்தால் பொருள் (பொருளோ பண்போ), முக்காற்புள்ளி வந்தால் ஆற்றல் (செயல்), புள்ளி இடத்துக்கு, மேற்குறி காலத்துக்கு. முதல் பதிப்பில் முக்காற்புள்ளி மட்டும்தான் இருந்தது, மற்றவை பிறகு சேர்ந்தவை. இந்த முறையிலும் புத்தகம் நிற்பது ஓர் இடத்தில்தான். ஆனால் எண்ணைப் படித்தாலே ஆய்வில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கணினி வருவதற்கு முன்பே, ஒரு நூலகத்துக்குள் இருந்துகொண்டு இப்படி யோசித்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் அலமாரி அல்ல, ஆய்விதழ்களையும் மேற்கோள்களையும் தொகுத்து வைக்கும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற தரவுத்தளங்கள்தான். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது: இந்த இரண்டிலும் அந்த வழக்கமான துறை வகைகள் ஒட்டப்படுவது இதழுக்கு, கட்டுரைக்கு அல்ல. வெப் ஆஃப் சயின்ஸில் சுமார் 250 வகைகள். ஸ்கோபஸில் 27 பெருந்துறைகள், அவற்றுக்குக் கீழே முந்நூற்றுக்கு மேற்பட்ட உட்பிரிவுகள். உங்கள் கட்டுரை எந்த இதழில் வருகிறதோ அந்த இதழின் துறைதான் உங்கள் துறை. உள்ளே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதை அந்த வகைப்பாடு பார்ப்பதில்லை. நேச்சர், சயின்ஸ் போன்ற இதழ்களில் கருந்துளை பற்றிய கட்டுரையும் செல் பற்றிய கட்டுரையும் ‘பல்துறை அறிவியல்’ என்ற ஒரே வகையில் கிடப்பது இதனால்தான்.

இதனால் என்ன ஆகும்? ஒரு கட்டுரைக்கு வந்த மேற்கோள்களை, அதே ஆண்டில் அதே துறையில் வந்த கட்டுரைகளின் சராசரியால் வகுத்துப் பார்ப்பது மதிப்பீட்டில் ஒரு வழக்கம். கணிதத்தில் மேற்கோள் மெதுவாகவும் குறைவாகவும் வரும், செல் உயிரியலில் மளமளவென்று வரும் என்பதால் அப்படி வகுப்பது நியாயமானதே. பேச்சுக்கு, உங்கள் கட்டுரைக்கு 10 மேற்கோள் என்று வைத்துக்கொள்வோம். கணினி இதழ்களின் சராசரி 10, பயிரியல் இதழ்களின் சராசரி 5 என்றால், முதல் பெட்டியில் நீங்கள் சராசரி ஆள், இரண்டாவதில் இரண்டு மடங்கு. கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

நம் ஊரில் எல்லோரும் கேட்கும் ‘க்யூ1’, அதாவது தன் வகையில் முதல் காற்பகுதியில் இருக்கும் இதழ் என்ற கதையும் இதுதான். ஓர் இதழ் இரண்டு மூன்று வகைகளில் இருக்கலாம். ஒன்றில் முதல் காற்பகுதியில் இருக்கும், இன்னொன்றில் மூன்றாவதில் கிடக்கும். வேளாண்மைக்கான கணினிப் பயன்பாடுகளை வெளியிடும் இதழ்களில் இது சாதாரணமாக நடக்கும். கட்டுரை அனுப்பும் முன் இதழின் எல்லா வகைகளையும் ஒவ்வொன்றிலும் அதன் நிலையையும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் எந்த வகையை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுவிடுங்கள்.

கட்டுரை கட்டுரையாக வகைப்படுத்தும் இடங்களும் இருக்கின்றன. கட்டுரைகளை இதழில் வரும் முன்பே பகிர்வதற்காக 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்கைவ் தளத்தில் ஒரு முதன்மைப் பிரிவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பொருந்தும் மற்றப் பிரிவுகளையும் சேர்க்கலாம். பொருந்தவில்லை என்று பட்டால் மட்டுறுத்துநர்கள் மாற்றிவிடுவார்கள். கணிதக்காரர்களுக்கு 63 பெரும் பிரிவுகள் கொண்ட தனிப் பகுப்பு இருக்கிறது, அதிலும் முதன்மை, துணை என்று எண்கள் தரலாம். ராமானுஜனின் எண் பிரிவினைகள் பற்றி இன்று எழுதுபவர், அணுகும் விதத்தைப் பொறுத்து, சேர்வியலில் 05ஏ17 என்றோ எண்ணியலில் 11பி83 என்றோ போடுவார், இரண்டையும் சேர்த்தும் போடலாம். மருத்துவத்தின் மெஷ் சொற்பட்டியல் இன்னும் தாராளம். நுரையீரல் காசநோய் அங்கே தொற்றுநோய்க் கிளையிலும் இருக்கும், சுவாச நோய்க் கிளையிலும் இருக்கும், இரண்டில் எதில் தேடினாலும் கிடைக்கும். எனக்குப் பிடித்தது இந்த வழிதான். அலமாரியே இல்லாத இடத்தில் எதற்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும்?

சில ஆண்டுகளாக, கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுவதை வைத்துக் கணினியே குழுக்களாகப் பிரிக்கிறது. லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் முன்னோடிகள். ஆய்வுக் கட்டுரைகளின் திறந்த தரவுத்தளமான ஓப்பன்அலெக்ஸ் இப்படிச் சுமார் 4,500 தலைப்புகள் வைத்திருக்கிறது. இதழின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வதைவிட இது மேல். ஆனால் தனிக் கட்டுரைகளைத் தவறான தலைப்பில் தள்ளிவிடுவதும் உண்டு. உங்கள் கட்டுரை வெளிவந்ததும் அங்கே எந்தத் தலைப்பில் விழுந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், துறைப் பெட்டியில் எதைப் போட்டாலும் திறவுச்சொற்களில் மற்றத் துறையைக் கொண்டுவந்துவிடுங்கள். கணினி அறிவியல் என்று போட்டால், திறவுச்சொல்லில் நெல், குலை நோய், அந்தப் பூஞ்சையின் அறிவியல் பெயர் மூன்றும் இருக்கட்டும். உலக உணவு வேளாண்மை அமைப்பின் அக்ரோவாக் சொற்பட்டியலில் இருந்து சொற்களை எடுத்தால், வேளாண் நூலகர்கள் தேடும் வார்த்தையிலேயே உங்கள் ஆய்வு சிக்கும். சுருக்கத்தின் முதல் இரண்டு வரியிலும் அவை வரட்டும். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்றும்போதும் இதே திறவுச்சொற்களைக் கொடுங்கள். ‘ஆழ்கற்றல்’, ‘பட வகைப்பாடு’ என்று மட்டும் போட்டுவிட்டு, வேளாண் பக்கம் யாருமே படிக்கவில்லை என்று வருந்தும் ஆய்வேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் இருக்கும் உழைப்பு தேட வேண்டியவர் கண்ணில் படாமல் போவது பெரிய இழப்பு.

கடைசியாக, வேலை. உதவிப் பேராசிரியர் பணிக்குப் பட்டத்தில் எந்தப் பாடம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு துறைக்கு நடுவில் நல்ல ஆய்வு செய்த ஒருவரை, ‘தொடர்புடைய பாடம் அல்ல’ என்று சொல்லி முதல் கட்டத்திலேயே ஒரு கல்லூரி கழித்துவிட்டதை அருகிலிருந்து பார்த்தேன். அவர் ஆய்வேட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இது அநியாயம், மாற வேண்டும். அது மாறும் வரை நீங்கள் செய்யக்கூடியது: உங்கள் முதுகலைப் பாடம் எதுவோ, முடிந்தவரை அதை ஒட்டியே முனைவர் பட்டத்தின் துறைப் பெயரும் அமையும்படி பாருங்கள். பல்துறை ஆய்வு என்று பதிவு செய்ய உங்கள் பல்கலைக்கழக விதியில் இடம் இருக்கிறதா, இருந்தால் சான்றிதழில் எப்படி அச்சாகும் என்று நெறியாளரிடமும் ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்திலும் இந்த வாரமே கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.