தவ், காலிப்பர், துல்லியம்: பட்டறையில் கேட்ட கேள்விகள்

வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருப்பவனிடம் வார்த்தைக்கு வேர் கேட்கிறீர்கள். சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

ப்ரிசைஸ், அக்யூரேட் ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?

இல்லை தம்பி. ரெண்டும் லத்தீனிலிருந்து வந்தவைதான், ஆனால் ப்ரிசைஸ் என்றால் வெட்டி நறுக்கியது. அக்யூரேட் என்றால் அக்கறையாகச் செய்தது, அதற்குள் இருக்கும் 'கூரா'வுக்கு அக்கறை என்று அர்த்தம். எனக்கு இது உறைத்தது காசு போன பிறகுதான். ஒருமுறை 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் பத்து கடைந்தேன், தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியில் பத்தும் 25.00, ஒன்றுக்கொன்று இம்மி பிசகவில்லை (இம்மியும் நம் பழைய பின்ன அளவுதான்). ஆனால் பேரிங்கில் போட்டால் லொடலொட. சரக்கு திரும்பி வந்த பிறகு மைக்ரோமீட்டரை வெறுமனே மூடிப் பார்க்கிறேன், ஜீரோவுக்குப் பதில் 0.04 காட்டுகிறது! ஆக பத்தும் 24.96. நறுக்கு சுத்தம், அக்கறைதான் இல்லை.

காலிப்பர், துப்பாக்கி காலிபர், காலிபரேஷன், மூன்றும் சொந்தமா?

ஒரே குடும்பம். அரபியில் 'காலிப்' என்றால் அச்சு, செருப்பு தைப்பவரின் கட்டையும் அதுதான். இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பீரங்கிக் குழாயின் விட்டத்துக்குப் பெயராகி, அப்புறம் அளக்கும் கருவிக்கும், கருவியைச் சரிபார்ப்பதற்கும் ஒட்டிக்கொண்டது.

காலிப்பரில் நகரும் அளவுகோலை வெர்னியர் என்கிறோமே, அது?

ஆள் பெயர். பியர் வெர்னியர், பிரெஞ்சுக்காரர், 1631-ல் அந்த நகரும் அளவுகோலை எழுதி வெளியிட்டார்.

'ரெண்டு தவ் எடு' என்கிறார் மேஸ்திரி. தவ் என்றால்?

தவுசண்டைப் பாதியில் வெட்டியது. ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீட்டர். இன்ச்சே ஒரு பங்குதான்: லத்தீன் 'உன்சியா', பன்னிரண்டில் ஒன்று, அவுன்ஸும் அதே சொல்லில் பிறந்தது. நம் தச்சரும் பிளம்பரும் எட்டு நூல் ஒரு இன்ச் என்பார்கள், அந்தக் கணக்கில் ஒரு நூலுக்கு 125 தவ். நூல் பிடிப்பவரிடம் தவ் பேசினால் சிரிப்பார்.

துல்லியம் தமிழ்ச் சொல்லா?

சமஸ்கிருத 'துல்ய', அதாவது சமம். அடியில் இருப்பது துலா, தராசு. எக்ஸாக்டும் கிட்டத்தட்ட அதே ஜாதி. அதன் லத்தீன் வினைக்கு எடைபோடுவது என்றும் பொருள், கறாராக வசூலிப்பது என்றும் பொருள். காசிமேட்டில் மீன் நிறுத்துக் காசு வாங்கும் அக்காவுக்கு ரெண்டும் சேர்ந்தே வரும்.