டிக் எல்லாம் சரி, வார்டுக்குத் தகவல் வரவில்லை

நோயாளி சத்திரசிகிச்சைத் தியேட்டரை விட்டுக் கிளம்பும் முன், பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலின் மூன்றாம், கடைசிக் கட்டத்தைச் சத்தமாகச் சொல்ல வையுங்கள். பட்டியலில் எல்லா டிக்கும் விழுந்தும் வடிகுழாய், அடுத்த அன்டிபயோட்டிக் நேரம் எதுவும் வார்டுக்குத் தெரிவதில்லை என்கிறீர்கள். அதற்கான இடம் பட்டியலிலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட பட்டியலின் கடைசி அம்சமே, சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து வைத்தியரும் தாதியும் இனிக் கவனிக்க வேண்டியதைச் சேர்ந்து பேசுவதுதான்.

பெரும்பாலும் நடப்பது: சர்ஜன் கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார், மீதியை ஒருவர் தனியாக டிக் போடுவார்.

நாளைக்கே வார்டில் பொறுப்பேற்ற தாதியிடம் கேட்டுப் பாருங்கள்: என்ன செய்தார்கள், எதைக் கவனிக்க வேண்டும், எந்த நிலையில் யாரைக் கூப்பிட வேண்டும்? மூன்றாவது கேள்வியில் தடுமாறினால் ஓட்டை, நோயாளியை வார்டிடம் ஒப்படைக்கும் கைமாற்றத்தில்தான்.

அப்புறம் நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். வாங்குபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருகோணமலையில் தமிழும் சிங்களமும் பேசுகிறவர்கள் சேர்ந்து வேலை செய்கிறோம், தலையாட்டலை நம்பிவிடக் கூடாது.

ஆனால் தாதிமார் மட்டும் தொடங்கினால் இது இன்னொரு காகிதமாகிவிடும். முதலில் ஒரு சர்ஜனையாவது சம்மதிக்க வையுங்கள்.