பல்பைக் கழற்றும் மரம்

கேள்வி: இலையுதிர்காலத்தில் மரங்கள் நிறம் மாறி இலைகளை உதிர்ப்பது, 'பற்றை விடு' என்று இயற்கை நமக்குச் செய்யும் உபதேசம்தானே? இது ஏன் நம் மண்டையில் ஏறுவதில்லை?

பதில்: நீங்கள் துறவி என்று நினைத்துக் கும்பிடும் மரம், வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போகிற ரகம் சார்! பகல் குறுகிக் குளிர் எட்டிப் பார்த்ததுமே இலைக்குள் ஜப்தி ஆரம்பித்துவிடும். பச்சையம் சிதையும். இலையிலிருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியைக் கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொண்ட பிறகுதான் மரம் இலையைக் கைவிடுகிறது.

நிறத்துக்கு வருவோம். மஞ்சள் புதிதாக வந்து சேர்வதில்லை. கோடை முழுக்கப் பச்சைக்கு அடியில் இருந்தது, பச்சை விலகியதும் தெரிகிறது. இதை வைத்து நீங்கள் ஆன்மிகம் பேசினால் நான் குறுக்கே வரமாட்டேன். சிவப்பு வேறு கதை. மேப்பிள் இலையைச் சிவக்க வைக்கும் ஆந்தோசயனினை மரம் அந்தக் கடைசி நாட்களில்தான், சர்க்கரையைச் செலவழித்துத் தயாரிக்கிறது. விழப்போகிற இலைக்கு இந்த அலங்காரம் எதற்கு? சத்தை இழுத்து முடிக்கும்வரை இலையை வெயிலிலிருந்து காக்க என்கிறது ஒரு கட்சி. பூச்சிகளை மிரட்ட என்கிறது இன்னொன்று. விஞ்ஞானிகளின் வழக்கு இன்னும் முடியவில்லை.

அப்புறம், ஓக், பீச் மரங்களைப் பாருங்கள். அதிலும் இளசுகள், காய்ந்த சருகை வசந்தம் வரை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு மோட்சம் கிடையாதா?

மண்டையில் ஏன் ஏறவில்லை என்கிறீர்கள். உபதேசத்தை வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போனால், மரத்தைப் பார்க்க நேரம் ஏது?

சரி, அடுத்த முறை இதைச் செய்யுங்கள். நன்றாகப் பழுத்த இலை ஒன்றைத் தொடுங்கள். இழுக்கக்கூட வேண்டாம், காம்போடு கையில் வந்துவிடும். காம்பு இருந்த இடத்தில் கசிவு இருக்காது. மூடி ஆறிய தழும்புதான் இருக்கும். தழும்புக்குச் சற்று மேலே, செதில் போர்த்திய ஒரு மொட்டு. அடுத்த வசந்தத்துக்கானது. இலை பச்சையாக இருந்த காலத்திலேயே மரம் அதைத் தயார் செய்துவிட்டது.

பொறுமையில்லாமல் ஒருமுறை அந்த மொட்டை நகத்தால் கீறிவிட்டேன். உள்ளே பச்சை.