இரு முதன்மை எண்களுக்கு நடுவே: கேள்வி பதில்

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: அடுத்தடுத்த இரு முதன்மை எண்களுக்கு இடையிலுள்ள சேர்த்தி எண்கள் ஒவ்வொன்றுக்கும், வேறெதற்கும் கொடுக்காத ஒரு முதன்மைக் காரணியைப் பங்கிட்டுக் கொடுக்க எப்போதும் முடியுமா ஐயா?

பதில்: முடியும் என்பது கிரிம் என்பவர் 1969இல் வெளியிட்ட ஊகம், அது இன்னும் நிறுவப்படவில்லை. 31க்கும் 37க்கும் இடைப்பட்டவற்றைத் தாளில் எழுதிப் பாருங்கள். 32க்கு 2ஐ விட்டால் வேறு முதன்மைக் காரணி இல்லாததால், 36 தன்னுடைய 2ஐ விட்டுக்கொடுத்து 3ஐ எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் 33க்கு 11தான் மிஞ்சும். 34 17ஐயும், 35 தன் 5, 7 இரண்டில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளும்.

கொட்டாஞ்சேனை, கணித ஆசிரியர்: 113க்கும் 127க்கும் இடையில் 13 எண்கள் உள்ளன. ஒவ்வொன்றாக முயன்றுதான் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 13 அல்லது அதைவிடப் பெரிய முதன்மை எண்ணின் மடங்குகள் குறைந்தது 13 இடைவெளியில் வருவதால், இந்த 13 எண்களில் ஒன்றுக்கு மேற்பட்டதை அது வகுக்காது. ஆகவே 19ஐக் கொண்ட 114, 23ஐக் கொண்ட 115, 13ஐக் கொண்ட 117 போன்றவை எவருடனும் போட்டியிடாமல் ஒதுங்கிவிடும். எஞ்சுவன 120, 121, 125, 126 ஆகிய நான்கு மட்டுமே. 121க்கு 11உம் 125க்கு 5உம் கட்டாயம். 126க்கு 7ஐக் கொடுத்தால் 120 தனக்குரிய 2, 3 இரண்டில் விரும்பியதை எடுக்கலாம். வகுப்பில் இதைச் செய்துகாட்டும்போது, முழுப் பட்டியலையும் முதலில் எழுதவைத்து, பிறகு அழிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அழிப்பதில்தான் ஆர்வம்.

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற வாசகர்: காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்கப் பேருந்தின் எண்ணுக்கு எந்தக் காரணி கிடைக்கும்?

பதில்: 97க்கும் 101க்கும் இடையில் 98க்கு 7, 99க்கு 11, 100க்கு 5. வேறு விதமாகவும் பங்கிடலாம்.

தெஹிவளை, பல்கலைக்கழக மாணவர்: நடுவில் முதன்மை எண் வரக்கூடாது என்ற நிபந்தனை எதற்கு? கணினி கொண்டு இதை முடித்துவிட முடியாதா?

பதில்: 8 முதல் 16 வரை எடுத்தால் 8க்கும் 16க்கும் 2 ஒன்றே காரணி; பங்கீடு அங்கேயே உடைந்துவிடும். நடுவில் 11உம் 13உம் இருப்பதால்தான் இது ஊகத்துக்கு எதிரான சான்று ஆகவில்லை. அதாவது, 2இன் அடுத்தடுத்த இரு அடுக்குகளுக்கு நடுவே ஒரு முதன்மை எண் இருந்தே தீர வேண்டும் என்ற கூற்று இந்த ஊகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அந்தக் கூற்றைச் செபிசேவ் 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவிவிட்டார். ஆனால் 1971இல் எர்டோசும் செல்ஃபிரிட்ஜும் காட்டியது இதைவிடக் கனமானது: கிரிமின் ஊகம் உண்மையானால், போதிய அளவு பெரிய அடுத்தடுத்த இரு வர்க்க எண்களுக்கு இடையில் எப்போதும் ஒரு முதன்மை எண் இருக்கும். அதையே இன்றுவரை எவராலும் நிறுவ முடியவில்லை. லைஷ்ராமும் ஷோரேயும் 2006இல் 1900 கோடி வரை ஊகத்தைச் சரிபார்த்துவிட்டனர். அதற்கப்பால் முடிவில்லாமல் நீளும் எண்களைக் கணினி எண்ணித் தீர்க்காது.